எந்த வாரத்தின் முதலிடம்?

ஜப்பானில் 2001ஆம் ஆண்டு வாரவாரம் முதலிடம் பிடித்த ஆல்பங்களின் பட்டியல் ஒன்று, நான் அவ்வப்போது எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் சக மதிப்பாய்வுக்கு வந்திருந்தது. 'சிறப்புப் பட்டியல்' தகுதிக்கு அனுப்புவதற்கு முன்னால் நாலு பேர் பார்த்துக் குறை சொல்லட்டும் என்பதற்கான இடம் அது. வாக்கெடுப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், தோன்றியதை எழுதலாம், எழுதியவர் ஏற்றுக்கொள்ளலாம் அல்லது காரணம் சொல்லி மறுக்கலாம். அந்த அட்டவணையின் முதல் நெடுவரிசையில் தேதிகள் இருந்தன. அவற்றைப் பற்றி நான் கேட்ட ஒரு கேள்வி, மதிப்பாய்வு முடிந்து எல்லோரும் வேறு வேலைக்குப் போன பிறகும் என்னை விடவில்லை.

எனக்கு முன்னால் வந்தவர்கள் நிறையவே எழுதியிருந்தார்கள். அட்டவணைக்குத் தலைப்பு இல்லை. வரித் தலைப்புகள் முறையாகக் குறிக்கப்படவில்லை, அதனால் பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் வழியாகக் கேட்பவருக்கு எந்தக் கட்டம் எந்த வாரத்துடையது என்று புரியாது. ஆண்டின் அதிக விற்பனை ஆல்பத்தை மஞ்சள் நிறத்தால் மட்டும் காட்டியிருக்கிறீர்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக ஒரு குறியும் சேருங்கள். கலைஞர் பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் உதாதா ஹிகாரு 'ஹெச்' வரிசையில் போய் நிற்கிறார், குடும்பப் பெயரால் வரும்படி மாற்றுங்கள். ஓர் இசைக்குழு தன் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்கிறது என்பதற்காகக் கலைக்களஞ்சியமும் அப்படி எழுத வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் சில்லறை விஷயமாக நினைக்கவில்லை. திரைவாசிப்பான் குறிப்பு ஒன்றுக்காகவே அந்த மதிப்பாய்வு நடந்தது நல்லது என்பேன். ஆனால் இத்தனை பேர் பார்த்தும், இந்தத் தேதி எதன் தேதி என்று யாரும் கேட்கவில்லை. கட்டங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று எல்லோரும் பார்த்தார்கள். கட்டத்துக்குள் இருப்பது என்ன சொல்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. பட்டியல் மதிப்பாய்வுகளில் நான் தொடர்ந்து பார்த்துவரும் குறை இது. கட்டுரை என்றால் வாக்கியம் வாக்கியமாகச் சண்டை போடுவோம். பட்டியல் என்று வந்துவிட்டால், அதில் இருப்பது வெறும் தகவல்தானே, அதில் கருத்துக்கு என்ன இடம் என்று விட்டுவிடுகிறோம்.

ஓரிக்கனின் நாட்காட்டி

ஜப்பானிய இசை கேட்பவர்களுக்கு ஓரிக்கனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: இசை விற்பனையை எண்ணித் தரவரிசை வெளியிடும் ஜப்பானிய நிறுவனம் அது, இந்தப் பட்டியலின் ஆதாரமும் அதுதான். கொய்கே சோகோ 1967இல் தொடங்கியது. தனிப்பாடல் தரவரிசை 1968இலிருந்தும் ஆல்பத் தரவரிசை 1970 ஜனவரியிலிருந்தும் வருகின்றன. ஒரு நாட்டில் மக்கள் காசு கொடுத்து வாங்கிய இசையை அரை நூற்றாண்டுக்கு மேல் வாரம் தவறாமல் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தமிழ்த் திரையிசைக்கு இப்படி ஒரு பேரேடு இருந்திருந்தால் எத்தனை பட்டிமன்றங்கள் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் அந்தப் பேரேட்டைக் கலைக்களஞ்சியத்தில் பெயர்த்து எழுதும்போது அதன் கணக்குமுறையும் கூடவே வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

கணக்குமுறை இதுதான். திங்கள் முதல் ஞாயிறு வரையான விற்பனையை எண்ணுகிறார்கள். முடிவு செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. ஆனால் அந்தத் தரவரிசைக்கு இடும் தேதி அதற்கு அடுத்து வரும் திங்கட்கிழமை. நம் வார இதழ்கள் கடைக்கு வரும் நாளைவிடப் பிந்தைய தேதியை அட்டையில் போட்டுக்கொள்வதைப் போலத்தான் இதுவும், தரவரிசை அச்சிதழோடு வளர்ந்தது என்பதால் வந்த பழக்கம். ஆக, விற்பனை தொடங்கிய திங்களுக்கும் தரவரிசையின் தேதிக்கும் இடையே முழுதாக இரண்டு வாரம் இருக்கிறது. ஜப்பானில் புதிய ஆல்பங்கள் பெரும்பாலும் புதன்கிழமைதான் வெளியாகும். 2015இல் உலகின் பல நாடுகள் வெள்ளிக்கிழமைக்கு மாறியபோதும் அவர்கள் புதனை விடவில்லை. எனவே ஓர் ஆல்பம் வெளியான நாளிலிருந்து, அது முதலிடம் பிடித்ததாகப் பட்டியலில் தெரியும் நாள் வரை பன்னிரண்டு நாள் ஓடிவிடுகிறது.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம், 2001 பட்டியலின் மிகப் பெரிய வாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு மார்ச் 28, புதன்கிழமை. உதாதா ஹிகாருவின் 'டிஸ்டன்ஸ்', ஹமசாகி அயுமியின் 'ஏ பெஸ்ட்' இரண்டும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பதினாறு வயதில் 'ஃபர்ஸ்ட் லவ்' என்ற ஆல்பத்தால் நாட்டையே அசைத்தவர் உதாதா. 76 லட்சத்துக்கும் மேல் விற்ற அதுதான் இன்றுவரை ஜப்பானில் அதிகம் விற்ற ஆல்பம். ஹமசாகி அந்த நேரத்தில் உச்சத்தில் இருந்த நட்சத்திரம். அந்த ஒரு வாரத்தில் 'டிஸ்டன்ஸ்' ஏறத்தாழ 30 லட்சம் பிரதிகள், 'ஏ பெஸ்ட்' ஏறத்தாழ 28.7 லட்சம். 2015இல் அடெலின் '25' அமெரிக்காவில் முதல் வாரத்தில் 33 லட்சத்தைத் தாண்டும்வரை, ஒரே நாட்டில் ஒரே வாரத்தில் இவ்வளவு விற்ற ஆல்பம் என்று 'டிஸ்டன்ஸ்' பெயரைத்தான் சொல்வார்கள்.

பட்டியலில் அந்த வாரம் எப்படி இருக்கிறது? 'ஏப்ரல் 9, டிஸ்டன்ஸ், உதாதா ஹிகாரு.' அவ்வளவுதான். மதிப்பாய்வுக்கு வந்தபோது விற்பனை எண்ணிக்கைக்கு நெடுவரிசைகூட இல்லை. 28 லட்சம் பேர் வாங்கிய இன்னோர் ஆல்பம் அந்த வரியில் இல்லாதது முதலிடப் பட்டியலின் இயல்பு, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மந்தமான ஒரு வாரத்தில் அதில் ஒரு துளி விற்று முதலிடம் பிடித்த ஆல்பமும் இதே அகலத்தில் ஒரு வரியைப் பெறுகிறது, அதுவும் இயல்பு. ஆனால் ஏப்ரல் 9? அந்த ஆல்பத்தை வாங்க ஜனங்கள் கடைக்குப் போனது மார்ச் கடைசியில். மார்ச் 31 ஜப்பானில் நிதியாண்டு முடியும் நாள், ஏப்ரல் 1 புதியது தொடங்கும் நாள். ஏப்ரலில் பள்ளி திறக்கும், நிறுவனங்களில் புதியவர்கள் வேலைக்குச் சேர்வார்கள். மார்ச் கடைசி வாரத்துக்கும் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கும் இடையே அங்கே ஒரு வருடமே மாறிவிடுகிறது. பழைய நிதியாண்டின் கணக்கு முடிவதற்குள் இவ்வளவு பெரிய இரண்டு ஆல்பங்களும் கடைக்கு வந்துவிட்டன என்பது அந்த வாரத்தின் கதையில் ஒரு முக்கியப் பகுதி. பட்டியலை மட்டும் பார்த்து ஒருவர் எழுத உட்கார்ந்தால், அந்த விற்பனையை அப்படியே அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவிடுவார்.

பதில் வந்த இடம்

'இந்தத் தேதி விற்பனை வாரத்தின் தேதியா, தரவரிசை வெளியான தேதியா, இதழின் தேதியா? அட்டவணையில் எங்கும் சொல்லவில்லையே' என்று மதிப்பாய்வில் கேட்டேன். கூடவே, விற்பனை வாரத்தை எழுதினால் படிப்பவருக்கு உதவும் என்றும் சேர்த்தேன்.

பட்டியலை எழுதியவர் பொறுமையானவர். ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்தவர் என்பது அவர் தந்த மேற்கோள்களைப் பார்த்தாலே விளங்கும். அவருடைய பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'ஆதாரத்தில் ஏப்ரல் 9 என்று இருக்கிறது, நான் ஏப்ரல் 9 என்று எழுதுகிறேன். மார்ச் 26 முதல் ஏப்ரல் 1 வரை என்று எழுதினால் அது நான் போட்ட கணக்கு. நான் போட்ட கணக்கைக் கலைக்களஞ்சியத்தில் எழுத எனக்கு உரிமை இல்லை. மேலும் எல்லா வாரத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, புத்தாண்டையொட்டி இரண்டு வார விற்பனையைச் சேர்த்து ஒன்றாக எண்ணிய ஆண்டுகள் உண்டு. அந்த இடத்தில் சூத்திரம் உடைந்துவிடும். கடைசியாக ஒன்று: சரிபார்க்க வருபவர் இதே தேதியைக் கொண்டுதான் தேட வேண்டும். நான் வேறு தேதி எழுதினால் அவருக்கு அந்த வாரம் கிடைக்காது.'

இந்தப் பதில் என்னை உண்மையிலேயே நிறுத்திவிட்டது. சொந்த ஆய்வு கூடாது என்ற விதியைப் புதியவர்களை மிரட்டப் பயன்படுத்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் அதைத் தன் கையைக் கட்டிக்கொள்ளப் பயன்படுத்தினார். புத்தாண்டு வாரங்களைப் பற்றி அவர் சொன்னது வலுவான காரணம். ஒரே ஒரு வாரம் தவறினாலும், ஆதாரம் சொல்லாத ஒன்றை ஆதாரத்தின் பெயரில் சொன்னதாகிவிடும். தேதியை மாற்ற வேண்டாம் என்பதில் எனக்கும் அதற்குப் பிறகு சந்தேகமில்லை.

ஆனால் தேதியை மாற்றாமல் இருப்பது வேறு, அது என்ன தேதி என்று சொல்லாமல் இருப்பது வேறு. தரவரிசை எந்த நாள் முதல் எந்த நாள் வரை எண்ணுகிறது, எப்போது வெளியாகிறது, எந்தத் தேதியைத் தாங்குகிறது என்பதெல்லாம் ஓரிக்கனே வெளிப்படையாகச் சொல்பவை. அதை எழுத யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. நான் இதைச் சொன்னதும் இன்னொருவர் உள்ளே வந்தார். மற்ற ஆண்டுப் பட்டியல்களில் இப்படி விளக்கம் இல்லை, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் இது. யாரோ ஒருவர் முதல் பட்டியலை எழுதும்போது 'தேதி' என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார். அடுத்தவர் அதை நகலெடுத்திருக்கிறார். இப்படியே ஒவ்வோர் ஆண்டாகப் போய், கடைசியில் அந்த நகலே மரபாகிவிடுகிறது. ஒரே மாதிரி இருப்பது நல்லதுதான். அப்படியானால் எல்லாப் பட்டியலிலும் விளக்கத்தைச் சேர்ப்போம், அந்த வேலையில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். முதலில் ஒப்புக்கொண்டவர் பட்டியலை எழுதியவர்தான். நெடுவரிசையின் தலைப்பு 'இதழ்த் தேதி' என்று மாறியது. முன்னுரையில் இரண்டு வாக்கியம் சேர்ந்தது. விற்பனை எண்ணிக்கையையும் அவரே தேடிச் சேர்த்தார்.

ஒரே அட்டவணையில் மூன்று ஆண்டுகள்

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தேதி என்ன தேதி என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது. '2001ஆம் ஆண்டின் முதலிட ஆல்பங்கள்' என்கிறோமே, எந்த 2001?

ஜனவரி தொடக்கத் தேதியிட்ட வரிகளில் இருப்பது 2000 டிசம்பரின் விற்பனை. 2001 டிசம்பர் 31 திங்கட்கிழமை, அந்தத் தேதியிட்ட தரவரிசை கிறிஸ்துமஸ் வரும்முன்பே எண்ணி முடித்தது. ஜப்பானில் அந்த ஆண்டின் கடைசி வாரம் யார் எதை வாங்கினார்கள் என்பது 2002 பட்டியலுக்குப் போய்விட்டது. சரி, இது இதழ்த் தேதியின் ஆண்டு. ஆனால் மஞ்சள் நிறமும் குறியும் போட்டு 'ஆண்டின் அதிக விற்பனை' என்று காட்டுகிறோமே, அது ஓரிக்கனின் ஆண்டுத் தரவரிசையிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கு ஏறத்தாழ டிசம்பரில் தொடங்கி அடுத்த டிசம்பரில் முடிகிறது. ஆக வாங்கியவரின் ஆண்டு ஒன்று, இதழின் ஆண்டு ஒன்று, ஆண்டுத் தரவரிசையின் ஆண்டு ஒன்று. மூன்றையும் ஒரே அட்டவணையில் '2001' என்ற ஒரே பெயரில் வைத்திருக்கிறோம். 2001இல் இதனால் பெரிய சேதமில்லை, எந்தக் கணக்கில் பார்த்தாலும் 'டிஸ்டன்ஸ்'தான். ஆனால் பாடகி அமுரோ நமியேயின் 'ஃபைனலி'யைப் பாருங்கள். ஓய்வு பெறப்போவதாக அவர் அறிவித்த பிறகு, 2017 நவம்பர் 8 அன்று வந்த தொகுப்பு. முதல் வாரத்திலேயே பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆண்டுக் கணக்கு முடியச் சில வாரமே இருந்தும் 2017இன் முதலிடம் அதற்கே, மிச்ச விற்பனையை வைத்து 2018இன் முதலிடமும் அதற்கே. ஆண்டு எங்கே வெட்டப்படுகிறது என்று சொல்லாமல் இதைப் புரியவைக்க முடியாது.

இதைவிடப் பெரிய அளவிலும் இது இடிக்கும். பாடகி மட்சுதோயா யூமியின் 'யூமிங் பன்சாய்!' 2022 அக்டோபரில் முதலிடம் பிடித்தபோது, 1970கள் முதல் 2020கள் வரை ஆறு பத்தாண்டுகளிலும் முதலிட ஆல்பம் கண்ட முதல் கலைஞர் என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய சாதனைதான், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த வகைச் சாதனைகள் எல்லாமே இதழ்த் தேதியின் மேல் நிற்கின்றன. ஒரு பத்தாண்டின் கடைசி டிசம்பர் வாரத்தில் விற்ற ஆல்பம் அடுத்த பத்தாண்டின் முதலிடமாகப் பதிவாகும். படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. இந்தப் பட்டியல்களை மக்கள் அப்படியே எடுத்துக் காணொளிகளிலும் பத்திரிகைத் துணுக்குகளிலும் போடுகிறார்கள். அங்கே அடிக்குறிப்பு போவதில்லை, தேதி மட்டும் போகிறது.

எண்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சான்றிதழ்களுக்கு ஒரு நெடுவரிசை சேர்க்கலாமே என்று மதிப்பாய்வில் ஒருவர் கேட்டார், நான் கடுமையாக எதிர்த்தேன். ஓரிக்கன் தருவது கடைகளிலிருந்து திரட்டிய தகவலை வைத்துச் செய்யும் விற்பனை மதிப்பீடு. ஜப்பான் இசைத்தட்டுச் சங்கம் தரும் கோல்டு, பிளாட்டினம் சான்றிதழ்கள் கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கையைப் பொறுத்தவை. அளவுகோலும் இடையில் மாறியிருக்கிறது. 2003க்கு முன் உள்நாட்டு ஆல்பத்துக்கு 4 லட்சம் என்றால் பிளாட்டினம், அதன் பிறகு 2.5 லட்சம் போதும். விற்றதையும் அனுப்பியதையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தால் யாரும் அவற்றை ஒப்பிடாமல் இருக்க மாட்டார்கள். நல்லவேளை, அந்த யோசனை கைவிடப்பட்டது.

பழைய பட்டியல்களுக்கு விளக்கம் சேர்க்கும் வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டு செய்துவருகிறோம். மெதுவாகத்தான் போகிறது. இணையத்தில் பழைய தரவரிசைப் பக்கங்கள் காணாமல் போயிருக்கின்றன, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தேடி எடுக்க வேண்டும், அங்கேயும் இல்லாவிட்டால் அச்சிதழ்தான் வழி. 1987க்கு முந்தைய ஆண்டுகளுக்குப் போனால் இன்னொரு சிக்கல். அப்போது எல்பி, கேசட், சிடி எல்லாவற்றுக்கும் தனித்தனித் தரவரிசை. முதலிட ஆல்பம் என்று எதைச் சொல்வது என்பதை ஒவ்வொரு பட்டியலின் தொடக்கத்திலும் எழுதியாக வேண்டும்.

அந்தப் பழைய சிக்கல் இப்போது புது உருவத்தில் திரும்பியிருக்கிறது. 2018 டிசம்பரில் ஓரிக்கன், சிடி விற்பனையோடு பதிவிறக்கத்தையும் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்து எண்ணும் ஒருங்கிணைந்த தரவரிசையைத் தொடங்கியது. பழைய சிடி தரவரிசையும் நிற்கவில்லை. பில்போர்டு ஜப்பான் வேறு தனியாக எண்ணுகிறது. அராஷி இசைக்குழுவின் '5x20' போன்ற ஆல்பத்துக்கு இது பொருட்டே இல்லை. 2019 ஜூனில் வந்து, அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பம் என்று சர்வதேச இசைத்துறைக் கூட்டமைப்பு அறிவித்த ஆல்பம் அது, எப்படி எண்ணினாலும் முதலிடம்தான். மந்தமான வாரங்களில்தான் விடை மாறக்கூடும். 2019 பட்டியல் மதிப்பாய்வுக்கு வந்திருக்கிறது. சிடி தரவரிசைக்கும் ஒருங்கிணைந்த தரவரிசைக்கும் தனித்தனி நெடுவரிசை போடுங்கள், வேறுபடும் வாரங்களில் இரண்டு பெயரும் நிற்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். கைபேசியில் அட்டவணை அகலமாகிவிடும், பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும் என்று ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் சொல்வது உண்மைதான். இருந்தாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முன்னுரையில் ஒரு வரியாகச் சுருக்க எனக்குச் சம்மதமில்லை என்று நேற்று பதில் போட்டேன். பட்டியலை எழுதுபவர் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை.